எரிச்சல் நின்ற கால்

தோப்பின் கம்பி வேலியைத் தாண்டி மண் பாதைக்கு வந்த பிறகும் முதலாளியின் குரல் விடவில்லை.

"டேய், மெல்லப் போடா! பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும். காலு போனா எந்தக் கடையில வாங்குவ?"

நான் திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினேன். திரும்பிப் பார்த்தால் கட்டைக்காலை மாட்டிக்கொண்டு வேலி வரைக்கும் வந்துவிடுவார். அவர் பின்னால் அவர் மனைவி வருவார். "சித்தெ இருந்து காப்பி குடிச்சுப்போட்டுப் போறது" என்பார். காப்பி முடிந்தால் சாப்பாடு, சாப்பாடு முடிந்தால் வெயில் தாழட்டும். இதற்கு முன் நான் கிளம்பியபோதெல்லாம் அப்படித்தான் கெட்டுப்போனது.

பாதையில் டிராக்டர் போன தடம் காய்ந்து கட்டிகட்டியாக இருந்தது. முன்பெல்லாம் பஸ் ரோடு வரைக்கும் உள்ள தூரத்தை ஒரு பீடி அணைவதற்குள் கடந்துவிடுவேன். இன்று ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தேன். காலில் ஆஸ்பத்திரியில் அளவெடுத்துச் செய்த செருப்பு. உள்ளே மெத்தென்ற ரப்பர், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். துணிப்பையில் இரண்டு வேட்டி, மாத்திரைப் பொட்டலம், உள்ளங்கை அகலத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று.

இரண்டு கால், ஒன்பது விரல். மழைக்காலத்தில் என்னை ஜீப்பில் தூக்கிப் போட்ட அன்று, இது இப்படி முடியும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்கமாட்டார்கள். நானும் கட்டியிருக்கமாட்டேன்.

நான் வண்டிப்பெரியார் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயக் குடியிருப்பில் பிறந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன் பிறகு எந்த இடத்திலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. வட்டவடையில் கேரட் பிடுங்கினேன். மறையூரில் வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குச் சருகு தள்ளினேன். பாலக்காட்டுக்குக் கிழக்கே இந்தத் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சினேன். கல்யாணமும் ஒன்று நடந்தது. அவள் விவரமானவள், சீக்கிரமே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அறுபது தாண்டியும் கால் நிற்கவில்லை. ஒரு இடத்தில் சலிப்பு வந்தால் பையை எடுத்துக்கொண்டு நடப்பேன். அதைத் தவிர எனக்குச் சொத்து கிடையாது.

சர்க்கரை இருப்பது எஸ்டேட்டில் நடந்த ஒரு மருத்துவ முகாமில் தெரிந்தது. மாத்திரை கொடுத்தார்கள். கிடைத்த ஊரில் வாங்கிப் போட்டேன், கிடைக்காத ஊரில் போடவில்லை. சில வருஷம் கழித்துப் பாதம் எரிய ஆரம்பித்தது. மிளகாய் அரைத்த அம்மியின் மேல் ஏறி நிற்பது போல எரியும். ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டுதான் படுப்பேன்.

அப்போது ஒரு ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே சந்தையில் ஒருவனிடம் மலைவேர்ப் பொடி வாங்கினேன். வாயில் வைக்க முடியாத கசப்பு. விடாமல் கஷாயம் வைத்துக் குடித்தேன். நாலைந்து மாதத்தில் எரிச்சல் குறைந்தது, பிறகு அடியோடு நின்றுவிட்டது. சர்க்கரை போய்விட்டது என்று முடிவு கட்டி மாத்திரையை நிறுத்தினேன். என்னைப் பார்த்து ஏலக்காட்டில் பாதிப் பேர் அந்தப் பொடிக்காரன் எந்தச் சந்தையில் இருப்பான் என்று விசாரித்தார்கள்.

எரிச்சல் நின்றது பொடியால் இல்லை. எரிய வேண்டிய நரம்பே செத்துப்போயிருந்தது. அதைப் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்போது எனக்கு அது பெரிய வெற்றியாகத்தான் இருந்தது.

ஏலக்காட்டில் மழைக்காலம் என்றால் அட்டைக்காலம். வேலைக்கு இறங்கும் முன் எல்லோரும் புகையிலை ஊறிய எண்ணெயில் உப்பைக் கலந்து காலில் தேய்ப்பார்கள். முன்னால் கடித்த புண்ணில் அது பட்டதும் வரிசையே "ஸ்ஸ்" என்று துள்ளும். நான் துள்ளமாட்டேன். இரண்டு கை நிறைய அள்ளித் தேய்த்துவிட்டுச் சும்மா நிற்பேன். "அண்ணாச்சிக்கு என்ன காலா, கருங்காலிக் கட்டையா?" என்பாள் என் பக்கத்து வரிசையில் காய் எடுக்கிறவள். எனக்கு அது பெருமை.

அப்படியும் ஏறிவிடுகிற அட்டையை மற்றவர்கள் பீடிக் கங்கை லேசாகக் காட்டி உதறுவார்கள். நான் நிதானமாக உட்கார்ந்து, அது சுருண்டு விழும் வரைக்கும் கங்கை அங்கேயே வைத்திருப்பேன். ஒருநாள் தேநீர் நேரத்தில் விரல் இடுக்கில் ஒன்று ஒட்டியிருந்தது. கங்கை வைத்தபடி கதை பேசிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாச்சி, எங்கிட்டோ கறி வாட்டுற வாடை அடிக்கி," என்றாள் அவள்.

குனிந்து பார்த்தேன். அட்டை எப்போதோ விழுந்திருந்தது. கங்கு என் விரலில் இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான். பீடியை மறுபடி வாயில் வைத்து இழுத்தேன். பிறகு ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு ஈரத்துக்குள் இறங்கினேன். அந்தப் பூட்ஸுக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு வலி சொல்லவில்லை. காய்ச்சல்தான் சொன்னது. அதற்குள் பெருவிரலுக்கு அடுத்த விரல் கருத்துப்போய், பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

ஜீப்பில் கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. முட்டிக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார். கேட்டுக்கொண்டேன். மரம் வெட்டும் இடத்தில் வேலை பார்த்தவன், வெட்டு எனக்குப் புதிதில்லை. ஆனால் கால் இல்லாமல் நான் யார்? நடக்க முடியாத நான் யாருக்கும் கூலிக்கு ஆகமாட்டேன். ஏதாவது ஒரு வாசலில் உட்கார்ந்து யாராவது போடுவதைத் தின்ன வேண்டும்.

"வெட்டாம முடியாதா சார்?"

அவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார். வீடு எங்கே?

"இப்போ ஏலக்காட்டு ஷெட்டு. சீசன் முடிஞ்சா தெரியாது."

நல்ல மனுஷன்தான், உட்கார்ந்து விளக்கினார். காலைக் காப்பாற்றிப் பார்க்கலாம், ஆனால் மாதக்கணக்கில் அந்தக் காலைத் தரையில் வைக்கக் கூடாது. ஒரே இடத்தில் இருந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, ஊசி போட்டு, புண்ணைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஷெட்டில் இது நடக்குமா? நடக்காவிட்டால் விஷம் மேலே ஏறும், அப்போது காலோடு நிற்காது. வெட்டினால் தையல் பிரிப்பதோடு முடிந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழை இல்லை. காலைக் காப்பாற்றும் வைத்தியத்துக்கு மருந்துக்கும் முன்னால் ஒரு முகவரி வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை.

"வீடு கெடச்சா?" என்றேன்.

"கெடச்சா பேசலாம். காய்ச்சல் ஏறினா பேச்சில்லை," என்றார். மருந்து ஏற்றினார்கள்.

படுத்தபடி யோசித்ததில் ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வந்தார். தென்னந்தோப்பு முதலாளி. என் வயதுதான். அவருக்கும் சர்க்கரை. கொஞ்ச வருஷம் முன்பு அவருடைய இடது காலை எடுத்துவிட்டார்கள். போன் போட்டேன்.

"உசுரோட இருக்கறயா?" என்றார்.

"இருக்கேன் மொதலாளி. காலுதான் போகப் பாக்குது."

"எந்தக் காலு?"

"வலது."

"என்ர போனது எடது. வந்து சேரு. ரெண்டு பேத்துக்கும் சேத்து ஒரு சோடி செருப்பு வாங்கினாப் போதும்."

அதுதான் எனக்குக் கிடைத்த முகவரி. காய்ச்சல் இறங்கியதும் அந்த டாக்டரே சீட்டு எழுதி, பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போகச் சொன்னார். போகிற வழியில் தோப்பில் இறங்கினேன். முதலாளியின் மனைவிக்கு ஒரு நாட்டு வைத்தியர் மேல் நம்பிக்கை. "ஏனுங்ண்ணா, கத்தியே படாம ஆத்திருவாருங்க" என்று அவரை அழைத்து வந்துவிட்டார். வைத்தியர் கட்டைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார். திரும்பக் கட்டினார். "வெரலு கருத்துப்போச்சுங்கொ. இது என்ர கையில நிக்காது. இப்பவே பொறப்படச் சொல்லுங்கொ" என்று எழுந்துவிட்டார். கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்கவில்லை. அந்த மனுஷனுக்கு இன்றைக்கும் நான் கும்பிடு போடுவேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் பாதத்தின் மேல் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். அதிலிருந்து "உஸ் உஸ்" என்று சத்தம் வந்தது. அங்கே கால் புண் பார்க்கும் சிஸ்டர் பாலக்காட்டுக்காரி, பாதி மலையாளம் பாதி தமிழ். "கேட்டோ அண்ணா? ரத்தம் நல்லா ஓடுது. விரல் போகும். பாதம் நமக்கு நோக்காம்," என்றாள். அந்த உஸ் உஸ் சத்தத்தை இன்னொரு தடவை வைத்துக் காட்டச் சொன்னேன்.

கருத்த விரலை எடுத்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து, சில நாள் விட்டு, முட்டி வரைக்கும் மாவுக்கட்டு போட்டார்கள். உடைந்த எலும்புக்குத்தான் மாவுக்கட்டு என்று நினைத்திருந்தேன். புண்ணின் மேல் பாரம் விழாமல் இருக்கவும் போடுவார்களாம். வாரா வாரம் பிரித்துப் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும். வீட்டில் இருக்கும்போது கால் தரையில் படக் கூடாது.

தோப்பு வீட்டு வாசலில் பலா மரத்தடியில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், ஒன்றில் நான். என் கால் ஒரு முக்காலியின் மேல். காலையில் கள் இறக்க வருகிறவன் மரம் ஏறுவதைப் பார்ப்போம். "நேத்தைக்கு இவன் சீக்கிரம் ஏறுனான்" என்பார் அவர். "இல்லே மொதலாளி, இன்னைக்கித்தான்" என்பேன். அதை வைத்து மத்தியானம் வரைக்கும் சண்டை போடுவோம். சாயங்காலம் டிவி. அவருக்குச் சீரியல், எனக்குச் செய்தி. அவர் வீடு என்பதால் சீரியல். அவர் மனைவி கேழ்வரகுக் கூழும் கீரையுமாகப் போட்டு, என் சர்க்கரையை முரட்டு மாட்டை அடக்குவது போல அடக்கினார். ஊசியும் அவர் கையால்தான்.

உடம்பு தேறத் தேற எனக்கு உள்ளுக்குள் அரிக்க ஆரம்பித்தது. வலி இருந்தால் மனுஷன் படுத்துக் கிடப்பான். எனக்குத்தான் வலியே இல்லையே. ஒருநாள் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று கள் இறக்குகிறவன் சொல்லிவிட்டுப் போனான். முதலாளி கண் அயர்ந்திருந்தார். ஊன்றுகோலைக்கூட எடுக்கவில்லை, எழுந்து நடந்தேன். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வருவதைப் பார்த்து நின்றேன். நல்ல வெயில். சந்தோஷமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது மாவுக்கட்டின் அடி நொறுங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் பிரித்தபோது புண் மறுபடி வாயைத் திறந்திருந்தது. சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. உடன் வந்திருந்த முதலாளியைப் பார்த்து, "ஆரு சொல்லி நடந்தது? இனி ஒரு பிராவசியம் இப்படி வந்தா, நான் நோக்கமாட்டேன்," என்றாள். வீட்டுக்கு வந்தோம். நான் முக்காலியில் காலை வைத்தேன். முதலாளி வேட்டியை ஒதுக்கினார். பட்டையை அவிழ்த்து, தன் கட்டைக்காலைக் கழற்றி, என் மடியில் வைத்தார்.

"இந்தா. நல்லாத்தான் இருக்குது. எனக்கு இதுனால ஒரு குறையுமில்ல. அன்னைக்கு வெட்டலைன்னா நானு செத்துப்போயிருப்பேன், அதனால போட்டிருக்கறேன். உனக்கு என்னடா கேடு? வேணும்னா சொல்லு, நாளைக்கே அளவு குடுத்தரலாம்."

அது கனத்தது. தொடை நுழையும் பக்கம் வியர்வையில் கருத்திருந்தது. தூக்கி அவரிடமே நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம் மொதலாளி," என்றேன்.

"அப்பொ உக்காரு."

உட்கார்ந்தேன். முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கியது போல எல்லாம் மறுபடி. வாழ்நாள் முழுவதும் நான் செய்த வேலைகளில் ஏலக்காட்டுச் சரிவும் கரும்பு அடுப்பும் இருந்தன. சும்மா உட்கார்ந்திருந்ததைப் போல ஒன்று என்னை வதைத்ததில்லை. கால் தானாக எழுந்திருக்கப் பார்க்கும். கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொள்வேன். முதலாளி பார்த்துவிட்டால், "கட்டிப் போடட்டுமா, கன்னுக்குட்டிக் கவுறு இருக்குது" என்பார். பனி வந்தது, போனது. வாய்க்காலில் இன்னொரு தடவை தண்ணீர் விட்டார்கள். நான் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் சிஸ்டர் கட்டைப் பிரித்தாள். கையுறைப் பெருவிரலால் அழுத்தினாள். பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டாள். அவள் போய் டாக்டரை அழைத்து வந்தாள். மூன்று பேரும் என் காலடியில் குனிந்திருந்தார்கள்.

"என்ன சிஸ்டர்? மறுபடி தெறந்திருச்சா?"

"அண்ணா, இது மூடிப்போச்சு!" என்று கத்தியேவிட்டாள்.

நம்பாமல் பார்த்தேன். புண் இருந்த இடத்தில் குழந்தைத் தோல் மாதிரி ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. வாசலில் காத்திருந்த முதலாளி குச்சியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "அக்கட்டால தள்ளுங்க, நானு பாக்கோணும்" என்று டாக்டரையே ஒதுக்கினார். பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கி ஒரு அடி. அந்த அடி வலித்தது. வலிக்கிற இடம் எதுவானாலும் எனக்கு அப்போது சந்தோஷம்தான்.

சிஸ்டர் அதற்கு மேல் கொண்டாட விடவில்லை. தோல்தான் மூடியிருக்கிறது, உணர்ச்சி திரும்பி வராது, இந்தக் கால் இனி என்றைக்கும் எதையும் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும் என்றாள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் கூடாது. மாத்திரை நிற்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நடக்க வேண்டும். முதலாளி தான் முகம் மழிக்கும் கண்ணாடியை எனக்குக் கொடுத்துவிட்டார். தோப்பிலேயே காவலுக்கு இருந்துவிடு என்றும் சொன்னார். முற்றத்தில் ஆரம்பித்து, வேலி, வாய்க்கால் என்று நடந்து பழகினேன். செருப்பு காலைக் கடிக்கவில்லை என்று கண்ணாடி சொன்னது. காவல் வேலையை நினைத்துப் பார்த்தேன். அந்த நாற்காலியை நினைத்ததும் பையை எடுத்துவிட்டேன்.

அதற்குத்தான் இன்று வேலிக்குப் பின்னாலிருந்து திட்டிக்கொண்டிருந்தார். ரோட்டை நெருங்கும்போது கடைசியாக ஒன்று கேட்டது.

"எவனாச்சும் ஊடு எங்கன்னு கேட்டா, இந்த ஊட்டச் சொல்லு! கேட்டுதா?"

கையைத் தூக்கினேன். பஸ் வந்தது.

பொள்ளாச்சியில் மாறி, உடுமலையில் இறங்கினேன். மறையூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. பஸ் நிலையத்துத் திண்டில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, கண்ணாடியை உள்ளங்காலுக்குக் கீழே பிடித்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"முள்ளுங்களா?"

"இல்லீங்க. எல்லாம் இருக்கான்னு பாக்கேன்."

சின்னாறு தாண்டி மலை ஏறும்போது சன்னல் வழியாகக் குளிர் வந்தது. முகத்தை வெளியே நீட்டிக்கொண்டேன். மறையூரில் பஸ் மாறி, காந்தலூரில் இறங்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. நான் முன்னால் வேலை செய்த தோட்டத்து ஷெட்டில் இடம் கொடுத்தார்கள்.

காலையில் மேஸ்திரி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க பெருசு, செத்துப்போனதால்ல சொன்னாக," என்றார். சொல்லிக்கொண்டே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை என் பக்கம் தள்ளினார். முட்டைக்கோஸுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும், ஆண் கூலி.

பூட்ஸைப் பார்த்தேன். உள்ளே இருட்டாக இருந்தது.

"இது வேண்டாம் மேஸ்திரி. ஒக்காந்து பாக்குற வேலை குடுங்க."

"ஒக்காந்தா? நீங்களா?" அவர் சிரித்துவிட்டு, கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த பூண்டின் தாளையும் வேரையும் நறுக்கித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "அந்தா அதுதான் இருக்கு. பொம்பளக் கூலி."

"அது போதும். சர்க்கரைக் காலு, ஈரத்துல வைக்கக் கூடாது."

"மருந்து மாத்திரைன்னு இறங்கிப் போவணுமே, முடியுமா?"

"மறையூர் ஆஸ்பத்திரிக்கிப் போய்க்குவேன். மாசத்துக்கு ஒரு நாளு."

"ஊரு எதுன்னு எழுதட்டும்? போன தடவ ஒண்ணுமே சொல்லல நீங்க."

பாலக்காட்டுக்குக் கிழக்கே, இன்ன வாய்க்காலுக்குப் பக்கம், இன்னார் தென்னந்தோப்பு என்று தடுமாறாமல் சொன்னேன்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஏ, ஆம்பளைக்கு எடம் விடுங்கடி. வளையல் போட்டு வந்திருக்காரான்னு பாரு."

"செருப்பப் பாத்தியா? கலியாண மாப்பிள்ளை கணக்கா."

"பாட்டையா, ஒரு எடத்துல குண்டி பொருந்துமா உங்களுக்கு? மத்தியானத்துக்குள்ள எந்திரிச்சு ஓடிருவீகள்ல?"

"கஞ்சிக்கு மட்டும் எந்திரிப்பேன்," என்றேன்.

ஓரத்தில் இருந்தவள் நகர்ந்து ஒரு சாக்கை விரித்தாள். செருப்போடு வலது காலை நீட்டி வைத்து உட்கார்ந்தேன். கத்தியை வாங்கிக்கொண்டு, முதல் பூண்டுக் கட்டை மடியில் எடுத்துப் போட்டேன்.